அரை டன்

அப்பாவின் பட்டறை சூளையில் இருந்தது. 2011இல் கல்லூரி முடித்த கையோடு கணக்கு பார்க்க உட்கார்ந்தேன். ஆறு மாதத்தில் கல்லாவை விட்டு எழுந்து, சரக்கு எடுக்க நானே புதுப்பேட்டைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில், உடைத்த கார்களின் உறுப்புகள் இனம்வாரியாகக் குவிந்திருக்கும். கதவு ஒரு கடையில், கியர்பாக்ஸ் இன்னொன்றில். "ஆம்பளைங்க யாரும் வரலியா?" என்று கேட்காத கடைக்காரர் கிடையாது. பேரம் பேசுவதைவிட அந்தக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே நிற்பதுதான் சிரமம்.

அன்று எடுத்தது இரண்டு அம்பாசிடர் டீசல் என்ஜின், கியர்பாக்ஸோடு. ஒன்றே 200 கிலோவை நெருங்கும். கூடவே ஒரு ஹவுசிங், பட்டைகள். அரை டன்னுக்குக் குறையாது. நின்றதோ ஒரே ஒரு மீன்பாடி வண்டி.

மீன்பாடியில் பலகை முன்னால், ஓட்டுபவர் பின்னால். முன்னே இரண்டு சக்கரம், பின்னே ஒன்று. பழைய ஸ்கூட்டர் என்ஜின் சுழற்றுவது அந்தப் பின்சக்கரத்தைத்தான். லோடு முன் அச்சைத் தாண்டி முன்னே போய்விட்டால் பின்சக்கரம் இலேசாகிவிடும், தரையைப் பிடிக்காது. ஏற்றத்தில் இது தெரியாது. இறக்கத்தில்தான் தெரியும்.

எனக்கு இது தெரிந்திருந்தது. இரண்டாவது என்ஜினை இடமில்லாமல் பலகையின் முன்விளிம்பில் வைத்து நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டியபோது, வயிற்றில் என்னவோ செய்தது. இரண்டு நடையாக அடிக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன பதில் வரும் என்பதும் தெரியும்: "பயந்துக்கிச்சு பாரு." ஆறு மாதமாக அந்த ஒரு வாக்கியம் காதில் விழக்கூடாது என்றுதான் அத்தனையும் செய்துகொண்டிருந்தேன். அதோடு, இரண்டாவது நடையின் வாடகையை மிச்சம்பிடித்துக் காட்டுகிற ஆசையும் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

எழும்பூர் காந்தி இர்வின் பாலத்தின் இறக்கத்தில் அண்ணன் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் வழுக்கி வண்டி குறுக்கே திரும்பிச் சாய்ந்தது. முன்னால் இருந்த என்ஜின் கயிற்றை அறுத்துக்கொண்டு சாலையில் விழுந்தது. அவருடைய வலது கால் வண்டிச் சட்டத்துக்கு அடியில்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிவு. அப்பா மருத்துவச் செலவைக் கொடுத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "இதெல்லாம் பொம்பளப் புள்ள பாக்குற வேலையா, என் தப்பு" என்று தன்னையே திட்டிக்கொண்டார். என் தவறுகூட எனக்குச் சொந்தமில்லாமல் போனது அப்போதுதான்.

தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, ஆணும் பெண்ணும் எவ்வளவு எடை தூக்கலாம் என்று மாநில அரசு விதி வகுக்க அப்போது இடம் தந்தது. எங்கள் ஐந்து பேர் பட்டறைக்கு அது எட்டவில்லை. லாரித் தண்ணீருக்கு நின்று, 15 லிட்டர் குடத்தை இடுப்பில் ஏற்றி மாடிக்கும் கீழுக்குமாய் நான் எட்டு நடை நடந்த நாட்களில் அது பொம்பளைப் பிள்ளை பார்க்கிற வேலைதானா என்று எவரும் கேட்டதுமில்லை.

பத்து நாள் கழித்து அண்ணனின் மனைவி பட்டறைக்கு வந்தார். மீன் விற்பவர், கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். அப்பா பணத்தை எடுக்கப் போனார். அவர் என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எத்தினி கிலோ ஏத்துன?"

அதுவரை என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. "அரை டன்" என்றேன்.

"தெரிஞ்சுதான ஏத்துன?"

"தெரியும்க்கா."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பணத்தை எண்ணி முடிச்சில் செருகினார். வாசலில் கூடையைத் தலைக்குத் தூக்க ஒரு கை கொடுக்கச் சொன்னார். கொடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது.