வீங்கிய இமைகள்

புதிதாய்ப் பிறந்த குழந்தையின் இமைகள் வீங்கியிருக்கக் கண்டு கலங்காத தாய் அரிது. திருப்பலி முடிந்ததும் கைக்குழந்தையோடு நம்மிடம் வந்து, "சாமி, யார் கண்ணோ பட்டுவிட்டது, தலையில் கைவைத்துச் செபியுங்கள்" என்போர் இன்றும் உளர். செபிக்க நாம் தயங்குவதில்லை. ஆனால் வீக்கம் எந்நாளில் தொடங்கிற்று, எவ்வேளையில் மிகுகிறது என்று முதலில் கேட்டுக்கொள்கிறோம். காரணத்தை அறியும் வழி பெரும்பாலும் அவ்விரு கேள்விகளிலேயே உள்ளது.

உடலிலேயே மிக மெல்லிய தோல் இமைத்தோல். அதன் அடித்திசுவும் தளர்வானது. ஆதலால் சிறிதளவு நீர் தேங்கினாலும் அங்கே புலப்பட்டுவிடும். பிறந்த அன்றே காணும் வீக்கம் பெரும்பாலும் பிறப்புவழியின் இறுக்கத்தால் வந்தது. சில நாள்களில் தானே வடியும்.

பிறந்து 2 முதல் 5 நாள்களுக்குள் இமைகள் பருத்து, கண் திறவாமல், சீழ் கொட்டுமாயின் செய்தி வேறு. தாயிடமிருந்த வெட்டைநோய்க் கிருமி பிறப்பின்போது குழந்தையின் கண்ணில் தொற்றியிருக்கக்கூடும். 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பார்வையற்றோர் பள்ளிகளில் இருந்த பிள்ளைகளுள் பலர் இந்நோய்க்குக் கண்ணைக் கொடுத்தவர்களே. ஜெர்மனியின் லைப்சிக் நகர மகப்பேறு மருத்துவமனையில் கார்ல் கிரெடே என்னும் மருத்துவர், 1880இல், பிறந்த குழந்தைகளின் கண்களில் 2 விழுக்காடு வெள்ளி நைட்ரேட் கரைசலைச் சொட்டு விடலானார். நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளை வருத்திய நோய் அங்கே நூற்றுக்கு ஒன்றினும் கீழே இறங்கிற்று. அம்மருந்தே ஓரிரு நாள் இமைகளை வீங்கச் செய்தது என்பது வேடிக்கைதான்! இந்நோயின் பெயரைக் கேட்டவுடன் தாயைத் தூற்றுவோர் உண்டு. அவளுக்கு அதைத் தந்தவன் பெரும்பாலும் கணவனே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அவர்கள் பேசி முடிப்பதற்குள் குழந்தையின் கருவிழி துளைபட்டுவிடலாம். ஒரே நாள்கூடப் போதும். குழந்தையோடு பெற்றோர் இருவருக்கும் மருத்துவம் வேண்டும்.

சில குழந்தைகளுக்குக் கண்ணீர் மூக்கிற்கு இறங்கும் குழாயின் அடியில் மெல்லிய சவ்வு அடைத்திருக்கும். கண் நீர் கோத்து, பீளை சேர்ந்து, காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும். மருத்துவர் காட்டித்தரும் முறையில் மூக்கோரம் நீவிவந்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஓராண்டிற்குள் அடைப்புத் திறந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த நீரில் நனைத்த பஞ்சால் துடைக்கலாம். கண்ணுக்கொரு பஞ்சு வேண்டும். விளக்கெண்ணெயும் மையும் வேண்டவே வேண்டாம். பாட்டிமார் நம்மைக் கோபித்துக்கொள்ளட்டும்!

எந்த வயதிலும் ஒரு கண் மட்டும் சிவந்து வீங்கிக் காய்ச்சலும் கண்டால், விடியும்வரை காத்திருத்தல் ஆகாது.

இன்னொரு வீக்கம் ஓசையின்றி வருவது. ஒரு வயதைக் கடந்த பிள்ளைகளிடமே பெரும்பாலும் காண்பது. விடியற்காலையில் இரு கண்களும் உப்பியிருக்கும், மாலைக்குள் வடிந்துவிடும். "நன்றாகத் தூங்கினான்" என்று வீட்டார் மகிழ்வர். சில நாளில் காலும் வயிறும் உப்பும். சிறுநீரகம் புரதத்தைக் கசியவிடுவதால் நேர்வது இது. பிள்ளையின் காலைச் சிறுநீரில் சிறிதளவு பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்தால், புரதம் இறங்குகிறதா என்பதைச் சில நிமிடங்களில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.