எடைக்குப் போகவிருந்த அப்பாவின் பெட்டி

"எல்லாத்தையும் எடைக்குப் போட்ருவோம்மா. இரும்பு இரும்புதானே?"

மதுரை ஜெய்ஹிந்த்புரத்தில், ஒரு சந்துக்குள் இருக்கும் சின்ன லேத் பட்டறையின் ஷட்டரைத் தூக்கும்போது அம்மா இப்படித்தான் சொன்னார். அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மாதக் கடைசிக்குள் வாடகை இடத்தைக் காலி செய்தாக வேண்டும். லேத் மெஷினை வாங்க ஒருவர் தயாராக இருந்தார். மீதி இருந்தவை ஒரு மரப்பெட்டியும் எண்ணெய் ஊறிய இரண்டு சாக்கு மூட்டைகளும்தான். அதில் ஒரு மூட்டையை முந்தின வாரமே பழைய இரும்புக் கடைக்கு அம்மா அனுப்பிவிட்டார்.

மகளுக்கு இருபத்தாறு வயது, தனியார் வங்கியில் வேலை. பெட்டியையும் தராசில் ஏற்றிவிடலாம் என்ற எண்ணத்தில்தான் அவளும் வந்திருந்தாள். அப்போதுதான் லேத் வாங்குபவரிடமிருந்து போன் வந்தது.

"கூட வர்ற சாமானெல்லாம் இருக்குல்லம்மா? 127 பல் கியர் இருக்கா? இல்லைன்னா ரேட்டைக் குறைச்சுத்தான் பேசணும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பெட்டியைத் திறந்தால் குச்சி குச்சியாகக் கம்பிகள், கூம்பு கூம்பாக இரும்புகள், பல் சக்கரங்கள். எது என்ன என்று சொல்ல ஒரே ஒருவர்தான் இருந்தார். அப்பாவிடம் வேலை பழகி, இப்போது கப்பலூர் தொழிற்பேட்டையில் டர்னராக இருக்கும் சித்தப்பா. சொந்தச் சித்தப்பா இல்லை. அப்பாவை 'அண்ணே' என்று கூப்பிட்டதால் வந்த உறவு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர், தரையில் பேப்பரை விரித்து உட்கார்ந்தார். துருவைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தவளைத் தடுத்தார்.

"தேய்க்காத பாப்பா, எழுத்து அழிஞ்சிரும். மண்ணெண்ணெய்த் துணியால மட்டும் தொட. எழுத்துதான் இதுகளுக்கு ஆதார் கார்டு."

துடைக்கத் துடைக்க எழுத்துகள் தெரிந்தன. விரல் நீளச் சதுரக் கம்பிகளில் 'எம்2', 'எம்35'. அவை ஹை ஸ்பீடு ஸ்டீல். எம்35 வகையில் சுமார் 5 சதவிகிதம் கோபால்ட் கலந்திருப்பதால் அதிக சூட்டையும் தாங்கும், விலையும் கூடுதல். முனையில் மட்டும் வேறு நிறத்தில் சின்ன வில்லை ஒட்டிய டூல்களைத் தனியாக வைத்தார். "இது விடியா."

அப்பாவின் பில் புத்தகத்தில் 'விடியா டிப்' என்று அவள் பார்த்திருக்கிறாள். 'விடியாத டூலு' என்று அம்மா கிண்டல் செய்ததும் நினைவிருக்கிறது. உண்மையில் அது ஜெர்மன் சொல். 1920-களில் குரூப் நிறுவனம் டங்ஸ்டன் கார்பைடு டூல்களை விற்கத் தொடங்கியபோது, 'வைரம் போல' என்று பொருள்படும் 'வீ டியாமன்ட்' என்பதைச் சுருக்கி வைத்த பெயர். பிராண்டின் பெயரே நம் பட்டறைகளில் பொருளின் பெயராகிவிட்டது. டங்ஸ்டன் கார்பைடு இரும்பைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு கனம். பழைய சந்தையில் இதற்குத் தனி விலை. இரும்போடு இரும்பாக எடைக்குப் போட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

கூம்பு வடிவச் சாமான்களின் அகன்ற முனையை வெர்னியரால் அளக்கச் சொன்னார். 17.8 மில்லிமீட்டர் என்றால் மோர்ஸ் டேப்பர் 2, 23.8 என்றால் 3. எந்த மெஷினில், எந்த டிரில்லிங் மெஷினில் பொருந்தும் என்பதை அந்த ஒரு அளவு சொல்லிவிடும். இரண்டு சின்ன உருளைகள் பொருத்திய கட்டை எதற்கு என்று அவள் கேட்டாள். கைப்பிடி வழுக்காமல் இருக்கச் சொரசொரப்பாகக் கோடு போடும் நர்லிங் டூல் அது.

பெட்டியின் அடியில் தட்டு அளவுக்கு ஒரு பல் சக்கரம் கிடந்தது. சாக்பீஸால் ஒரு பல்லில் அடையாளம் வைத்து அவள் எண்ணினாள். 127. நம்பிக்கையில்லாமல் மறுபடி எண்ணினாள். 127-தான்.

"இதுக்கு ஏன் சித்தப்பா அவ்வளவு மவுசு?"

"அண்ணனோட மெஷின் இஞ்ச் மெஷின். இது இல்லாம அதுல மில்லிமீட்டர் மரை சரியா வெட்ட வராது."

மதுரையில் ஹார்வி மில் தொடங்கிய 1892-ல் இங்கே வந்து இறங்கிய ஆங்கிலேய இயந்திரங்கள் எல்லாம் இஞ்ச் கணக்கு. இந்தியா மெட்ரிக் அளவுக்கு மாறச் சட்டம் போட்டது 1956-ல். அதன் பிறகும் இஞ்ச் லேத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. ஒரு இஞ்ச் என்பது 25.4 மில்லிமீட்டர். ஐந்து இஞ்ச் சரியாக 127 மில்லிமீட்டர். 127 பகா எண் என்பதால் சின்னச் சக்கரங்களைச் சேர்த்து அதைக் கொண்டுவர முடியாது. இஞ்சுக்கு நான்கு மரை உள்ள லீட் ஸ்க்ரூவில் 1.5 மில்லிமீட்டர் மரை வெட்ட, 30 பல் சக்கரம் 127 பல் சக்கரத்தைச் சுற்றினால் கணக்கு துல்லியமாக முடியும். இரண்டு உலகங்களுக்கு நடுவில் மொழிபெயர்ப்பாளர் மாதிரி இந்தச் சக்கரம். எடைக்குப் போட்டிருந்தால் சில கிலோ இரும்பு.

அடுத்து சித்தப்பா தேடியது சக்கின் ஜாக்களை. மூன்று ஜா சக்குக்கு இரண்டு செட் உண்டு. ஒரு செட் மெஷினிலேயே இருந்தது. பெரிய வட்டங்களைப் பிடிக்கும் மாற்று செட்டில் பெட்டிக்குள் கிடைத்தவை 1, 3 என்று எண் அடித்த இரண்டு மட்டும்.

"ரெண்டாம் நம்பர் எங்க மதினி?"

அம்மா பதில் சொல்லவில்லை. மகளுக்குப் புரிந்துவிட்டது. போன வாரம் போன மூட்டை.

மூவரும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பழைய இரும்புக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் தன்மையாகத்தான் பேசினார். "வியாழக்கிழமையே லோடு ஏத்திட்டோம்க்கா." ஒவ்வொரு ஜாவின் பல்லும் வரிசைப்படி கொஞ்சம் தள்ளி வெட்டப்பட்டிருக்கும். வேறு சக்கின் இரண்டாம் நம்பரைப் போட்டால் நடுவில் பிடிக்காது. மூன்றில் ஒன்று போனால் மீதி இரண்டும் வெறும் இரும்புதான்.

திரும்பி வரும்போது அம்மா மெதுவாகச் சொன்னார். "அவர் இருந்தப்ப ஒரு நாளாவது இது என்னன்னு கேட்ருக்கலாம்."

அன்று மாலை மகள் ஒவ்வொரு சாமானிலும் நூல் கட்டி, பெயரும் அளவும் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டாள். லேத் வாங்குபவர் வந்து கியரைப் பார்த்ததும் பேசிய விலைக்கு ஒத்துக்கொண்டார். ஜா இல்லாததற்கு மட்டும் ஒரு தொகையைக் கழித்தார். நியாயமான கழிவுதான்.

அப்பா சாணை பிடித்து வைத்திருந்த டூல் கம்பிகளை அம்மா சித்தப்பாவிடமே நீட்டினார். "நீங்க கொண்டுபோங்க. வேலையில இருக்கட்டும்."

அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். ஒன்றை மட்டும் எடுத்து, 'வி' வெட்டு உள்ள சின்ன கேஜில் வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். 60 டிகிரி. இடுக்கில் வெளிச்சம் கசியவில்லை.

"இதை நான் ஓட்டுனா முனை மழுங்கும். மறுபடி சாணை பிடிக்கணும். பிடிச்சா அண்ணன் வச்ச கோணம் போயிரும். இது இங்கயே இருக்கட்டும் மதினி."

அம்மா அதை வாங்கி, வீட்டுச் சாவி வைக்கும் டப்பாவில் போட்டுக்கொண்டார்.