வியர்வை வரைந்த வரைபடம்

கிரீனிச் என்றால் கடிகாரமும் தீர்க்கரேகையும்தான் நினைவுக்கு வரும். என் கணினித் திரையில் விரிந்த கிரீனிச் வரைபடத்தில் அவற்றுக்கு வேலையே இல்லை. தேம்ஸ் ஆறு வளைந்தோடும் லண்டன் கரையில், தெருக்களின் மேல் சிவப்புத் திட்டுகள். பக்கத்தில் பொடி எழுத்தில் குறிப்புகள். அவ்வூர்க்காரர்கள் பலர் நடந்தபோது எங்கெங்கே மனம் கிளர்ந்தது என்பதைக் காட்டும் வரைபடம் அது.

ஆற்றங்கரையைத் திருத்தி அமைப்பவர்கள் வெள்ளமட்டம் பார்ப்பார்கள், மண்ணைச் சோதிப்பார்கள், வண்டிகளை எண்ணுவார்கள். அங்கே நடப்பவரின் மனதையும் கணக்கில் எடுக்கலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி நடந்தேன்.

வரைபடத்தை உருவாக்கியவர் கிறிஸ்டியன் நோல்ட் என்ற கலைஞர். 2004-இல் அவர் இரண்டு பொருள்களை ஒன்றாக இணைத்தார்: விரல்களில் மாட்டும் உணரி, இடத்தைச் சொல்லும் ஜி.பி.எஸ். மனம் அசையும்போது விரல்நுனி லேசாக வியர்க்கும். தோலில் மின்சாரம் சற்று எளிதாகப் பாயும். அந்த மாற்றத்தைக் கருவி இடத்தோடு சேர்த்துப் பதிந்துகொள்ளும்.

உணரியின் பூர்வீகம் அவ்வளவு இனிமையானதல்ல. பொய் கண்டறியும் கருவியிலும் அதுவே இருந்தது. அதற்கும் முன்னால், சூரிச்சில் உளவியலாளர் கார்ல் யுங் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லி, கேட்பவரின் தோல் எதற்குத் துணுக்குறுகிறது என்று பார்த்தார். அதற்கும் முன்னால், 1888-இல் பிரான்சில் மருத்துவர் ஷார்ல் ஃபெரே, உணர்ச்சி எழும்போது தோலின் மின்தடை குறைவதைக் கண்டிருந்தார். ஒருவர் மறைப்பதை அவருடைய உடம்பிலிருந்து பிடுங்குவதற்குப் பயன்பட்ட வித்தையை, தன் உடம்பைத் தானே படித்துக்கொள்ளும் வித்தையாக நோல்ட் திருப்பிப்போட்டார்.

நகரத்தின் பக்கமிருந்து இன்னொரு தடம் வருகிறது. அமெரிக்காவில் நகரத் திட்டவியலாளர் கெவின் லிஞ்ச், பாஸ்டன், ஜெர்சி சிட்டி, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் சுமார் 60 பேரிடம் தங்கள் ஊரை நினைவிலிருந்து வரையச் சொன்னார். 1960-இல் வந்த அவருடைய புத்தகம், பாஸ்டன்காரர்களின் மனதில் சார்ல்ஸ் ஆறு எவ்வளவு அழுத்தமான விளிம்பாகப் பதிந்திருக்கிறது என்று காட்டியது. அவரிடம் எந்த உணரியும் இல்லை. காகிதமும் கேள்விகளும் போதுமாயிருந்தன.

இந்த இடத்தில் எனக்குத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நினைவுக்கு வந்தது. அங்கே வியர்த்தலும் ஒரு மெய்ப்பாடு. அதைவிட முக்கியம், தலையாய எட்டு மெய்ப்பாடுகளில் ஒவ்வொன்றும் எவற்றிலிருந்து பிறக்கும் என்று நான்கு நான்காகச் சொல்லப்பட்டிருப்பது. அச்சமென்றால் அணங்காலா, விலங்காலா, கள்வராலா, தம் இறையாலா? உடம்பு காட்டியது மட்டும் போதாது, அதன் களமும் தெரியவேண்டும்.

கருவிக்குத் தெரியாதது அந்தக் களம்தான். படித்துறையில் காதலியைக் கண்டாலும் கோடு ஏறும். இருட்டில் யாரோ பின்தொடர்ந்தாலும் ஏறும். அந்த ஏற்றத்தை மட்டும் நம்பி விளக்குக் கம்பம் நட்டால், காதலர்கள் எழுந்து போய்விடுவார்கள். நோல்டின் முறையில் நடந்து முடித்தவர்கள் திரும்பி வந்து, தங்கள் தடத்தைத் திரையில் பார்த்து, ஒவ்வொரு மேட்டுக்கும் காரணத்தை எழுதினார்கள். நான் முதலில் அலங்காரம் என்று எண்ணிய பொடி எழுத்துகள்தான் வரைபடத்தின் உயிர்.

தேடல் கடைசியில் ஸ்டாக்போர்ட்டில் வந்து நின்றது. மான்செஸ்டருக்கு அருகிலுள்ள அவ்வூரிலும் 2007-இல் நோல்ட் உணர்ச்சி வரைபடம் செய்தார். அங்கேதான் கோய்ட், டேம் என்ற இரு ஆறுகள் கூடி மெர்சி பிறக்கிறது. ஆனால் 1930-களில் ஊர் நடுவில் ஆற்றை மூடி அதன்மேல் சாலை போட்டார்கள். 1965-இல் அங்கே கடைத்தொகுதி எழுந்தது. இன்று அங்கே விரலில் உணரியோடு நடப்பவருக்கு, கூட்டத்தைக் கண்டு வியர்க்கலாம், விலைச்சீட்டைக் கண்டும் வியர்க்கலாம். காலுக்குக் கீழே ஓடும் மெர்சிக்காக வியர்க்காது.

ஆறு இருக்கும் இடத்தை அந்தத் திரையில் தொட்டுக்காட்ட, அது திறந்து கிடந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஒருவராவது அதன் முன்னால் உட்கார்ந்திருக்கவேண்டும்.