கல்லு மாதிரி காற்று

ஒரு திங்கட்கிழமை காலை. ஸ்டாண்ட்-அப் மீட்டிங்குக்கு ஐந்து நிமிடம் இருந்தது. நாற்பது வரி கோடைத் தேர்ந்தெடுத்து, காப்பி செய்ய கண்ட்ரோலும் சி-யும் அழுத்தினேன். அழுத்தியதாகத்தான் நினைத்தேன். நாற்பது வரியும் மறைந்து, அந்த இடத்தில் ஒற்றை 'சி' நின்றது. இடது சுண்டுவிரல் கீயைத் தொடவே இல்லை. கிள்ளிப் பார்த்தேன். வேறு யாருடைய விரலையோ கிள்ளியது போலிருந்தது.

முந்தைய நாள் துரைப்பாக்கத்திலிருந்து மரக்காணம் வரை சைக்கிளில் போய்த் திரும்பியிருந்தேன். ஏறக்குறைய 200 கிலோமீட்டர். கடைசி ஒரு மணி நேரம் தோண்டி மூடிய சாலை, தையல் போட்ட தார், அதன்மேல் ஜல்லி.

"உள்ளங்கை ஓரமா ஓடுற அல்நார் நரம்பு, ஹேண்டில்பார்ல நசுங்கியிருக்கு," என்றார் டாக்டர். "மூணு மாசம் சைக்கிளைத் தொடாதீங்க. என்ன வேலை பாக்குறீங்க?" சொன்னேன். அவர் என் விரல்களை இன்னொரு முறை பார்த்தார். அந்தப் பார்வைதான் பயமுறுத்தியது.

என் டயர் 23 மில்லிமீட்டர் அகலம். காற்று 110 பிஎஸ்ஐ. "கல்லு மாதிரி இருக்கணும்ணே, அப்பத்தான் பறக்கும்," என்று கடைத் தம்பி சொல்லியிருந்தான். எனக்கும் அது சரியாகவே பட்டது. கை முழுக்க அதிரும்போது பயங்கர வேகமாகப் போவது போலவே இருக்கும். அதிர்வைத்தான் வேகம் என்று நினைத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது.

சைக்கிளைத் தொடாத மூன்று மாதமும் டயரைப் பற்றிப் படித்தேன். விஷயம் இவ்வளவுதான். உருளும் டயர் தரையைத் தொடும் இடத்தில் அமுங்கி, விலகியதும் நிமிர்கிறது. அமுக்கப் போன ஆற்றல் முழுதாகத் திரும்புவதில்லை, கொஞ்சம் டயருக்குள்ளேயே சூடாகிப் போகிறது. ஹிஸ்டெரிசிஸ் என்று இன்ஜினியரிங்கில் படித்து, பரீட்சை முடிந்ததும் மறந்த சொல். வழவழப்பான இரும்பு உருளையில் டயரைச் சோதித்தால், காற்று ஏற ஏற அமுங்குவது குறையும், இழப்பும் குறையும். கடைத் தம்பி சொன்னது அங்கே சரி.

ஆனால் நம் சாலை இரும்பு உருளை இல்லை. ஒவ்வொரு ஜல்லிக்கும் அமுங்க மறுக்கும் டயர், சைக்கிளையும் மேலே இருக்கும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. முன்னே போக வேண்டிய ஆற்றல் நம் தசையில் அதிர்ந்து வீணாகிறது. 'பைசைக்கிள் குவார்ட்டர்லி' இதழைத் தொடங்கிய ஜான் ஹைனே, பவர் மீட்டர் பொருத்திய சைக்கிளை நெடுஞ்சாலை ஓரத்து அதிர்வுப் பட்டைகள்மேல் ஓட்டி இதை அளந்தார். பக்கத்திலிருந்த நல்ல தாரில் போவதைவிட, அதே வேகத்துக்கு மிக அதிக வாட் தேவைப்பட்டது.

சொகுசும் வேகமும் எதிரிகள் இல்லை என்பது பழைய கதைதான். பெல்ஃபாஸ்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப், மகனின் மூன்று சக்கர வண்டிக்காகத்தான் காற்றடைத்த டயரைச் செய்தார். 1888இல் காப்புரிமை. அடுத்த வருடமே அதே ஊரில் வில்லி ஹ்யூம் அந்த டயரோடு பந்தயங்களில் ஜெயித்தார்.

என் பழைய ஃப்ரேமில் பிரேக்குக்கு நடுவே 28-க்கு மேல் நுழையாது. டயர் வாங்குவதற்கு முன் எல்லோரும் அளக்க வேண்டியது அந்த இடைவெளியைத்தான். அதை விற்றுவிட்டு, 38 மில்லிமீட்டர் டயர் போகும் ஃப்ரேம் ஒன்றை வாங்கினேன். டயர் பார்சல் வந்த அன்று அப்பா வீட்டில் இருந்தார். ராஜபாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் 27 வருடம் வேலை பார்த்தவர். தினமும் போக 11, வர 11 கிலோமீட்டர் சைக்கிள்.

"உங்க டயரும் இதே அகலம்தாம்ப்பா. 28க்கு ஒன்றரை. கிட்டத்தட்ட 40 மில்லிமீட்டர். நாந்தான் தெரியாம ஒல்லியா வாங்கிட்டேன்," என்றேன். பெரியவர்கள் செய்ததெல்லாம் சரி என்று முடித்துவிட ஆசை.

"அகலம் இருந்து என்னடா? எதிர்காத்துல அதை மிதிச்சுப் பாத்திருக்கியா?" என்றபடி டயரை வாங்கி, பக்கச் சுவரை விரல்களுக்கிடையில் வைத்துத் தேய்த்தார். துணிக்கடையில் வேட்டியைப் பார்ப்பது போல. "இதுக்கு என்ன நம்பர்?"

"இன்ச்சுக்கு 120 இழை."

"அப்ப மெல்லிசு நூல். மெல்லிசு நூல்னா துணி மடியும். தடி நூல்ல நெஞ்சா கித்தான்தான். நான் ஓட்டுனது கித்தான்."

நான் மூன்று மாதம் படித்தது அவருக்கு மூன்று வாக்கியம். அகலம் பாதிதான். உள்ளே இருக்கும் துணி மடிய வேண்டும். தடித்த டயரை மடக்கி நிமிர்த்துவதற்கே மிதிப்பவரின் பலம் போய்விடும்.

"முள்ளு ஏறாதா?"

"ஏறும்ப்பா." வேலிக்காத்தான் முள்ளுக்கு இந்தத் துணி ஒரு பொருட்டே இல்லை. முள் ஏறாத பட்டை வைத்த டயர்கள் உண்டு. ஆனால் பட்டை தடிக்கத் தடிக்கப் பழைய கித்தான் திரும்பி வந்துவிடும். நான் இரண்டு ட்யூப் எடுத்துப் போகிறேன். இந்த வருடம் நான்கு பஞ்சர். விலையையும் சொன்னேன். "ஒரு டயர் காசுல ஒரு சைக்கிளே வாங்கலாமே," என்றார். அதற்குப் பதில் இல்லை.

என் எடை 74 கிலோ. பின்னால் 45 பிஎஸ்ஐ, முன்னால் 40. ஐந்து ஐந்தாகக் குறைத்துக்கொண்டே போனேன். வளைவில் டயர் நெளிவது தெரிந்ததும் ஐந்து ஏற்றி நிறுத்தினேன். அதே ஜல்லி, அதே தையல் தார். கை அதிரவில்லை. மெதுவாகப் போவது போல இருந்தது. வீட்டில் வந்து பார்த்தால் வழக்கத்தைவிட நான்கு நிமிடம் முன்னால் வந்திருக்கிறேன். புது ஃப்ரேம், ஹேண்டில்பாரும் கொஞ்சம் உயரம். எல்லாப் புகழையும் டயருக்கே கொடுக்க மாட்டேன். விரல் இப்போது பெரும்பாலும் சரி. நுனி மட்டும் சில நாள் தூங்கும்.

அப்பா ஊருக்குக் கிளம்புவதற்கு முன் கேட்டேன். "உங்களுக்குக் கை மரத்ததே இல்லையாப்பா?"

"மரக்காம? கடைக்காரன் கல்லு மாதிரி அடிச்சுவிட்டா மரத்துத்தான் போவும். அவன் கண்ணுக்கு மறைஞ்சதும் இறங்கி, வால்ட்யூபை லேசாத் திருகிப் புஸ்ஸுன்னு கொஞ்சம் விட்டுருவேன்."

"ஏன், சாலை அவ்வளவு மோசமா?"

"மில்லுல அறுந்த நூலை ஒட்டணும்ல. விரல்ல உணர்ச்சி வேணாமா?"