பத்து நிமிடத்தில் ஒரு முகம்

கொழும்பு பார்க்க வருவோர் காலிமுகத் திடலில் காற்று வாங்கி, நூதனசாலையையும் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். நூதனசாலைக்கு அண்மையில், விகாரமகாதேவிப் பூங்காவின் ஓரமாகச் செல்லும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையில் நின்று பார்ப்போர் சிலரே. 1877இல் இந்நகரிலே பிறந்து, கீழைத்தேயக் கலையின் பெருமையை மேனாட்டார்க்கு எடுத்துரைத்த அறிஞரின் பெயர் பூண்ட அவ்வீதியிலேதான், 1993இல் தொடங்கிய 'கலா பொல' என்னும் ஓவியச் சந்தை கூடுகிறது. வருவோரை எதிரே இருத்திப் பென்சிலால் முகம் வரைந்து கொடுப்போரும் அங்கே உளர்.

சந்தையன்று வெள்ளவத்தையிலிருந்து என் தாயாரையும் அழைத்துச் சென்றிருந்தேன். "இந்த வயதிலை எனக்கென்னத்துக்குப் படம்?" என்று மறுத்தவரை ஓர் இளைஞர் இருத்தி, "வீதியைப் பாருங்கோ அம்மா" என்றார். அழிறப்பரை அவர் தொடவேயில்லை. முதலில் மேலிமைகளை அழுத்தி வரைந்தார். மூக்குக்குச் சிறு நிழல். தாடைக் கோடு பாதியில் நின்றது. ஒரு காதை விட்டேவிட்டார்.

பத்தே நிமிடம். படலை திறக்கும் ஓசை கேட்டால், வருவது யாரென்று தலையைச் சற்றே சாய்த்துக் காத்திருப்பாரே, அந்தப் பார்வை தாளில் இருந்தது! "நிமிர்ந்து பாருங்கோ, அசையாதேயுங்கோ" என்று எடுத்த அடையாள அட்டைப் படங்களில் ஒருநாளும் அது விழுந்ததில்லை.

இமையில் அழுந்திய கரிய கோடு நம் கண்ணை அங்கேயே நிறுத்துகிறது. எஞ்சியதை நாமே நிரப்பிக்கொள்கிறோம். கைதேர்ந்தவர் எதை வரைவதென்பதை விட எதை விடுவதென்பதையே விரைவில் தீர்மானிக்கிறார். 1943இல் கொழும்பில் தோன்றிய '43 குழு'வைச் சேர்ந்த ஓப்ரி கொலெட், சில கோடுகளில் ஆளைக் காட்டிவிடும் கேலிச்சித்திரக்காரர். அக்குழுவினரின் படைப்புகளைப் பார்ன்ஸ் பிளேசில், உருவப்பட ஓவியர் ஹரி பீரிஸ் வாழ்ந்த இல்லத்தில், 1974இல் அவர் நிறுவிய சபுமல் நிறுவகத்தில் காணலாம். மாணவர்கள் அவசியம் போய்ப் பார்க்கவேண்டிய இடம்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி, "மற்றக் காது எங்கே?" என்று நகைத்தான். தாயார் நகைக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் நாங்கள் குடியிருந்த வீடு 1983 ஜூலைக் கலவரத்தில் எரிந்தபோது, அம்மம்மாவின் படங்கள் யாவும் அதனோடு போயின. அவர் முகம் எங்களில் இளையோருக்குத் தெரியாது. தாயார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, தாளை யன்னலருகே பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"இது நானில்லை, பிள்ளை. எங்கட அம்மா."