தங்கத்தில் ஒரு சிட்டிகை இரும்பு

நகைக்கடையில் கலப்படம் என்றால் சண்டைக்குப் போவோம். இயற்பியல்காரர்களில் சிலருக்குக் கலப்படம்தான் பிழைப்பே. தங்கத்தில் லட்சத்துக்குச் சில இரும்பு அணுக்கள் இருந்தால்கூட என்ன அட்டகாசம் பண்ணும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது.

ஹாலந்தில் லைடன் நகரம். 1908-ல் காமர்லிங் ஆன்னஸ் முதன்முதலாக ஹீலியத்தைத் திரவமாக்கிய ஊர். அங்கே 1934-ல் டி ஹாஸ், டி போர், வான் டென் பெர்க் என்று மூன்று பேர் தங்கக் கம்பியைக் குளிர்வித்து மின்தடையை அளந்தார்கள். உலோகம் குளிரக் குளிர அணுக்களின் ஆட்டம் அடங்கும். எலெக்ட்ரான்கள் அதிகம் இடிபடாமல் போகும். தடை குறைந்துகொண்டே வந்து ஒரு மட்டத்தில் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. கெல்வின் கணக்கில் சில டிகிரிக்குக் கீழே மறுபடி ஏற ஆரம்பித்தது!

ஒரு சோதனைச்சாலையில், ‘மீட்டர் மக்கர் பண்ணுதுப்பா, அந்த ரெண்டு புள்ளியை எடுத்துட்டுக் கோடு போடு’ என்று ஒரு பெரியவர் ஜூனியர் பையனிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். பையன் எடுத்துவிட்டான். கோடு அழகாக வந்தது. அந்தப் புள்ளிகளில் என்ன ஒளிந்திருந்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. லைடன்காரர்கள் எடுக்கவில்லை. காரணம் புரியாமலேயே அச்சில் போட்டார்கள். முப்பது வருஷம் அது தீராத புதிராகக் கிடந்தது.

1964-ல் ஜப்பானில் ஜுன் கோண்டோ விடுவித்தார். சாதாரண மாசு அணு, ரோட்டில் கிடக்கும் கல் மாதிரி. மோதினால் எலெக்ட்ரான் திசை மாறும், அவ்வளவுதான். இரும்பு அப்படியில்லை. அதற்கு ‘ஸ்பின்’ என்ற காந்த குணம் உண்டு. எலெக்ட்ரானுக்கும் உண்டு. மோதும்போது இரண்டும் ஸ்பினை மாற்றிக்கொள்ளலாம். அதாவது, நடுரோட்டில் கல்லுக்குப் பதில் வம்பு பேசும் ஆசாமி. ஒருவரிடம் கேட்டதை அடுத்தவரிடம் சொல்கிறார். வந்துபோன ஒவ்வொரு எலெக்ட்ரானும் அவரிடம் தன் முத்திரையை விட்டுச் செல்கிறது. குளிரக் குளிர இந்த வம்பு வலுத்து, போக்குவரத்து தடைபடுகிறது. மற்றவர்கள் கணக்கை முதல் தோராயத்தோடு நிறுத்தியிருந்தார்கள். கோண்டோ அடுத்த படிக்கும் போனார். விடை அங்கே இருந்தது.

என் அக்கா பையன் இன்ஜினீயரிங் படிக்கிறான். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்போ சுத்தமா ஜீரோ டிகிரிக்குப் போனா என்ன ஆகும் மாமா?” என்றான்.

சரியான கேள்வி. கோண்டோ சூத்திரத்தின்படி தடை முடிவிலிக்குப் போய்விடும். இயற்கை அப்படிச் செய்யாது. ‘கோண்டோ பிரச்னை’ என்று அதற்கு அவர் பெயரையே வைத்து, பெரிய தலைகளெல்லாம் மோதினார்கள். 1975-ல் அமெரிக்காவின் கென்னத் வில்சன் கம்ப்யூட்டர் உதவியுடன் படிப்படியாக இறங்கிப் பார்த்தார். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் கீழே சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் ஒன்றுகூடி இரும்பின் ஸ்பினை அணைத்து அடக்கிவிடுகின்றன. காந்தமே இல்லாதது போல இரும்பு சாதுவாகிவிடுகிறது. தடை உயர்ந்து, ஓர் எல்லையில் நின்றுவிடுகிறது.

“சரி மாமா, இதனால யாருக்கு என்ன லாபம்?”

1998-ல் ஒரே ஒரு கோபால்ட் அணுவைத் தங்கத்தின் மேல் வைத்து இதே விளைவை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அதே வருஷம் ‘குவாண்டம் புள்ளி’ என்ற குட்டி மின்னணுச் சாதனத்திலும் பார்த்தார்கள். வேடிக்கை, அங்கே இது மின்சாரத்தைத் தடுக்காமல் வழிவிடுகிறது. ஒற்றை எலெக்ட்ரானை வைத்துக் கருவி செய்கிறவர்கள் இதைத் தெரியாமல் இருக்க முடியாது.

வில்சனுக்கு 1982-ல் நோபல் கிடைத்தது, முக்கியமாக வேறொரு வேலைக்காக. கோண்டோவுக்குக் கிடைக்கவில்லை. 2022-ல் 92 வயதில் காலமானார். பூஜ்யத்தில் உடைந்துபோகும் சூத்திரத்தை மறைத்து வைக்காமல் வெளியிட்டார். அந்த உடைசலைச் சரிசெய்யப் போனவர்கள்தான் புது இயற்பியலோடு திரும்பி வந்தார்கள்.

உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளி வம்பு செய்தால், ரப்பரை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் யோசியுங்கள்.