பையோடு சந்தைக்குப் போவோம்

மொன்றியலில் எம்மவர் பலர் குடியிருக்கும் பார்க் எக்ஸ்ரென்சனிலிருந்து ஜோன் ரலோன் சந்தைக்கு நடந்தே போகலாம். மெற்றோ என்றால் பார்க் நிலையத்திலிருந்து இரண்டாவது தரிப்பு. 1933இல் தொடங்கிய இச்சந்தை வருடம் முழுவதும் நடக்கிறது. ஆவணி, புரட்டாதியில் தக்காளியும் மிளகாயும் கத்தரிக்காயும் கூடை கூடையாகக் குவிந்திருக்கும்.

புதிதாக வந்த குடும்பங்கள் வெறுங்கையோடு போகவேண்டாம். மெல்லிய பிளாஸ்ரிக் சொப்பிங் பைகளை நகரசபை 2018 ஜனவரியில் தடைசெய்தது. 2022 செப்ரெம்பர் 27 முதல் தடித்த பைகளுக்கும் தடை. 2023 மார்ச் 28 முதல் உணவகங்களில் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டியும் நின்றுவிட்டன. உக்காத இப்பொருட்கள் காற்றில் பறந்து மரங்களிலும் ஆற்றிலும் சேர்வதே காரணம்.

கடையில் பை வேண்டுமானால் பெரும்பாலும் காசு கொடுக்கவேண்டும். பை ஒரு டொலர், கிழமைக்கு இரண்டு என்று வைத்தாலும் வருடத்துக்கு 104 டொலர். பிள்ளைக்குப் பனிச்சப்பாத்து வாங்க அது உதவும்.

ஊரில் உமலோடு மீன் வாங்கப் போன எமக்கு இது புதுப் பழக்கமல்ல. இரண்டு துணிப்பைகளை மடித்துக் குளிர்ச்சட்டைப் பையில் வைத்தால் மறதி வராது. மீன், இறைச்சிக்கு வேறு பை வைத்து, வந்தவுடன் கழுவுவோம். வேலைக்குப் போத்தலில் தேத்தண்ணி கொண்டுபோனால் கோப்பிக் காசும் மிச்சம். 2023 நவம்பர் முதல் குளிர்பான ரின் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தால் 10 சதம் கிடைக்கிறது. 2025 மார்ச் முதல் பிளாஸ்ரிக் போத்தலுக்கும் அப்படியே. அவற்றையும் எறியாமல் அதே பையில் சேர்த்துக் கொண்டுபோவோம்.